பஸ்ஸின் பின்பாதி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்க ஓவிய டீச்சராக இருந்து, பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தி வந்த வியாதி என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆனால் போன பொங்கலன்று பீளமேட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு வந்த கோபம் அந்த ரகம் இல்லை. அது இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது போன் போட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் மரியாதையாகப் பேசுவார்கள். அந்த மரியாதையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் ஏதாவது ஓர் இடத்தில் ஓவியப் பட்டறை நடத்தப் போய்விடுவேன். படம் வரையச் சொல்லிக்கொடுப்பது அதில் பாதி வேலைதான். பக்கத்துப் பக்கத்துக் கதவுக்குள் இருந்துகொண்டு வருஷக்கணக்காகப் பேசாதவர்களைத் தரையில் உட்காரவைத்து, ஒரே துணியில் வரையவைப்பது மற்றப் பாதி.

இந்தக் குடியிருப்பு, பழைய மில் ஒன்றை இடித்த இடத்தில் எழும்பியது. சங்கத்தின் செயலாளர் முன்பு பம்ப் செட் கம்பெனி நடத்தியவர். வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். அவரேதான் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே லிஃப்டுல போறாங்க மிஸ், ஒருத்தரு பேரு ஒருத்தருக்குத் தெரியறதில்லீங்க. அல்லாரும் செல்போனையே பாத்துட்டு நிக்கறாங்க. நீங்க வந்து ஏதாச்சும் பண்ணிக் குடுங்க. ஒரு கம்யூனிட்டி ஃபீலிங் வரோணுமுங்க."

அந்த 'கம்யூனிட்டி ஃபீலிங்'கை நான் நம்பிவிட்டேன்.

என் முறை இதுதான். காடாத் துணியை ஹாலின் நீளத்துக்கு விரிப்பேன். அடியில் பழைய பேப்பர். பந்தியில் உட்காருகிற மாதிரி எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். ஆளுக்கு மூன்றடி இடம். எதை வேண்டுமானாலும் வரையலாம். ஒரே ஒரு சட்டம் உண்டு: தன் இடத்தை முடித்ததும் பக்கத்து ஆள் இடத்துக்குள் ஒரு சாண் அளவு போய் வரைய வேண்டும். அவர் கோலம் போட்டிருந்தால் இவருடைய கொடி அதற்குள் நுழைய வேண்டும். அப்போதுதான் இரண்டு பேரும் பேசுவார்கள், சிரிப்பார்கள், சில சமயம் சண்டை போடுவார்கள். சண்டையும் எனக்குச் சம்மதம்தான்.

மற்ற ஊர்களில் இந்தச் சட்டம் சுலபமாக நடந்துவிடும். நம் கொங்கு ஜனங்களிடம்தான் கஷ்டம். "உங்க எடத்துல நான் எப்படிங்க கை வெக்கறது?" "இல்லீங்க, மொதல்ல நீங்க போடுங்க." "நீங்க போட்டாத்தானுங்க நல்லாருக்கும்." இப்படியே இரண்டு ஞாயிறு ஓடியது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சந்து விட்டு, அதன் இரு பக்கமும் கைகூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நான் கத்தினேன். வயல் வரப்பா இது, தாண்டினால் கேஸ் போடுவார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஒருவரை ஒருவர் அனுமதி கேட்டுக்கொண்டு, மெதுவாகத் தாண்டினார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் வரைந்த பட்டத்தின் வால், நாலாவது மாடி டாக்டரம்மாவின் கடலில் விழுந்தது. இரண்டு பேரும் அன்று லிஃப்டில் பேசிக்கொண்டே போனதைப் பார்த்தேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

துணியின் கடைசியில் மூன்றடி காலியாக இருந்தது. அங்கே பெருக்கித் துடைக்க வருகிற பெண் ஒருத்தி, மாப்புக் குச்சியைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். சேலைக்கு மேலே யூனிஃபார்ம் சட்டை. குடியிருப்பில் எல்லோரும் அவளை 'ஹவுஸ்கீப்பிங்' என்றுதான் கூப்பிடுவார்கள், ஏதோ அதுதான் அவள் வீட்டில் வைத்த பெயர் என்பது மாதிரி. அவள் என்னை அக்கா என்பாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"வந்து உட்காரு தங்கச்சி" என்றேன்.

"வேல கெடக்குதுங்க்கா."

"முடித்துவிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரை நாள்தான் வேலை. முடித்துவிட்டு வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பத்து அம்மா. மகன் இங்கே ஃபேக்டரி வைத்திருப்பதால் மகனோடு இருக்கிறார். எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவருவார். தங்கச்சிக்கும் கொடுத்தார், பேப்பரில் மடித்து. மற்றவர்களுக்குத் தட்டோடு நீட்டியதை நான் பார்த்தேன். பார்த்தும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கிறது, கெடுக்கக் கூடாது என்று.

தங்கச்சி பஸ் வரைந்தாள். பெண்களுக்கு டிக்கெட் கேட்காத, மூஞ்சியில் மட்டும் ரோஸ் பெயின்ட் அடித்த டவுன் பஸ். சூலூர்ப் பக்கத்திலிருந்து அவள் காலையில் ஏறி வருகிற வண்டி. நல்ல படம் என்று பொய் சொல்ல மாட்டேன். சக்கரம் முட்டை மாதிரி இருந்தது. பஸ் ரயில் நீளத்துக்கு நீண்டது. ஆனால் ஜன்னலுக்கு ஒரு முகம் வைத்தாள். எல்லாம் அவள் தெருவிலிருந்து இந்தப் பக்கத்து ஃப்ளாட்டுகளுக்கு வேலைக்கு வருகிற பெண்கள். ஒருத்திக்கு மூக்குத்தி, ஒருத்திக்கு மடியில் டிபன் டப்பா. ஒரு ஜன்னலில் கம்பியில் தலை சாய்த்து ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷை நாக்கில் நனைக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள். கூர் வராதுங்க்கா என்பாள்.

சட்டப்படி பஸ்ஸின் மூஞ்சியை, பக்கத்து அம்மா வரைந்திருந்த தென்னந்தோப்புக்குள் விட்டாள். தோப்புக்காரம்மா சிரித்தார். "ஏனம்மணி, என்ற தோப்புக்குள்ள பஸ்ஸ உட்டுப்போட்டயே! காயெல்லாம் தலமேல உளுகப்போகுது பாரு!" வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் அவர் தன் தென்னையில் ஒரு மட்டையைக்கூடத் தங்கச்சியின் பக்கம் நீட்டவில்லை. நான் இரண்டு முறை சொன்னேன். "இருக்கட்டுமுங்க மிஸ், என்ற மரம் இங்கயே நிக்கட்டும், அம்மணி படம் கெட்டுப்போயிரும்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை!

அந்த வாரமே செயலாளரிடமிருந்து போன். "தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ். அந்தப் புள்ள மேல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. நெம்ப நல்ல புள்ள. ஆனா நம்ம கூட உக்காந்தா அதுக்கே கூச்சமா இருக்குமுங்களே. வேல செய்யறவங்களுக்குன்னு தனியா ஒரு பேட்ச் வெச்சுட்டா, அவங்களும் ஃப்ரீயா வரைவாங்க."

அவளுக்குக் கூச்சமாம்! ஒரு மூலையில் குந்திக்கொண்டு பாட்டு முனகியபடி வரைகிறவளுக்கு! கூச்சம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? தனி பேட்ச் வைத்தால் என்னையும் அந்த பேட்ச்சில்தான் பார்க்கலாம், ஹாலுக்கு வேறு டீச்சர் பாருங்கள் என்றேன். "ஐயோ, நான் சும்மா ஒரு யோசனை சொன்னனுங்க" என்று பின்வாங்கினார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் சத்தம் போட்டு மறுக்கிறவரைக்கூட நம்பலாம். குழைந்துகொண்டு ஒப்புக்கொள்கிறவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அது எனக்கு உறைக்கவில்லை.

மார்கழியில் படம் முடிந்தது. ஃப்ரேம் போட்டு கிளப் ஹவுஸ் ஹாலில் மாட்டப்போவதாகவும், பொங்கல் விழாவில் திறப்பு என்றும், வரைந்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் செயலாளர் கைதட்டலுக்கு நடுவே அறிவித்தார். 'எல்லோரும்' என்ற வார்த்தையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன்.

அன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் தங்கச்சி என்னோடு நடந்து வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"என்ற மாமியா நம்பமாட்டீங்குதுங்க்கா. 'ஃப்ளாட்டுக்காரிய கூட உக்காந்து நீ படம் வரையறயாக்கும்? ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்கயோ சுத்திப்போட்டு வந்து கத உடற'ன்னு தெருவே கேக்கறாப்பல பேசுது. எங்கூட்டுக்காரரும் ஒரு மாதிரியாத்தான் பாக்கறாரு. பொங்கலுக்கு மாட்டுனா கூட்டியாந்து காட்டிப்போடறேன். ஒருக்கா கண்ணுல பாத்துபோட்டா அப்பறம் பேசாதுங்க்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மருமகள் எங்கே போகிறாள் என்று தெருவில் ஒரு மாமியார் கேட்டால், அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவளுக்கு அந்த மூன்றடித் துணி அலங்காரம் இல்லை. தான் சொன்னது நிஜம் என்பதற்கு அவளிடம் வேறு சாட்சி கிடையாது. நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "நீங்க சொன்னா நானே உங்களைச் சொல்ல வெச்சேன்னு சொல்லுமுங்க்கா. படம் இருக்குதில்ல, அது போதும்."

பொங்கலன்று பூசை முடிந்து சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் கோலம், மாவிலைத் தோரணம், 'இணைந்து வரைவோம்' என்று எழுதிய பேனரில் செயலாளரின் படம். ஹாலுக்குள் ஆர்.எஸ்.புரத்து ஃப்ரேம் கடைக்காரர் ஏணியில் நின்று கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார். தேக்கு நிற ஃப்ரேம், மேலே கண்ணாடி. பட்டம், கடல், டாக்டரம்மாவின் படகு, தென்னந்தோப்பு. தோப்புக்குள் நீட்டிக்கொண்டு ரோஸ் நிறத்தில் பஸ்ஸின் மூஞ்சி. அதோடு ஃப்ரேம் முடிந்துவிட்டது.

நான் முதலில் ஃப்ரேமின் கண்ணாடியைத்தான் துடைத்தேன், வெயில் பட்டுத் தெரியவில்லையோ என்று. டிரைவர் இருந்தார். ஹெட்லைட் இருந்தது. ஜன்னல்கள் இல்லை. பெண்கள் ஒருத்தர்கூட இல்லை.

"மிச்சத் துணி எங்கே?" என்று ஏணியைப் பார்த்துக் கேட்டேன்.

"வெட்டுனதைத் திருப்பிக் குடுத்துட்டனுங்களே."

"ஃப்ரேமுக்கு இதற்கு மேல் நீளம் வராதா?"

"வராம என்னங்க? கல்யாண மண்டபத்துக்கெல்லாம் இதைவிட நீளமாப் போட்டுக் குடுத்திருக்கறோம். சங்கத்துக்காரங்கதானுங்க ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுக் குடுத்தாங்க."

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். கை நடுங்காமல், நேராக.

செயலாளர் பட்டு வேட்டியில், வாழைக்கன்று கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, இதைச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டேன். குரலைத் தணிக்கவில்லை.

"மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. சைஸ் பத்தலீங்க."

"சைஸ் பத்தும் என்று கடைக்காரர் சொல்கிறார்."

"அப்படி இல்லீங்க. வாட்ஸப் குரூப்புல போட்டுக் கேட்டமுங்க. ஹால்ல பெர்மனன்ட்டா இருக்கறது, ஓனர்ஸ் வரைஞ்சது மட்டும் இருந்தா நல்லாருக்கும்னு அபிப்பிராயம். அல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு சேலை எடுத்து வெச்சிருக்கறோமுங்க, மேடையில வெச்சுக் கௌரவமாக் குடுத்தர்லாம்."

அவளோடு மாதக்கணக்காக உட்கார்ந்து, கலர் கிண்ணத்தைப் பகிர்ந்து, அவள் பஸ்ஸைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் செல்போனில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். பட்டம் விட்ட பையனும், டாக்டரம்மாவும்கூட. ஒருவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தோப்புக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவமுங்க மிஸ். அந்த பஸ்ஸு மூஞ்சி மேல பச்சைப் பெயின்ட் அடிச்சர்லாமான்னு கேட்டாங்க. நாந்தான் இருக்கட்டும், பாவம்னு சொல்லிப்போட்டேன்" என்றார். பாவமாம்! கையை உதறிவிட்டேன். அவர் முகம் வாடியது. வாடட்டும் என்றுதான் இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டு வந்துவிடலாம்; இவ்வளவு நல்லவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சியை வழியிலேயே நிறுத்திவிடலாம் என்று வாசல் கேட்டுக்கு ஓடினேன். அதற்குள் வந்துவிட்டார்கள். யூனிஃபார்ம் சட்டை இல்லாமல், ஆரஞ்சு நிறச் சேலை, தலை நிறையப் பூ. பக்கத்தில் மாமியார், ஒல்லியாக, எதையும் நம்பாத கண்களோடு. செக்யூரிட்டி, வேலையாட்கள் பின் வாசல் வழியாக வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நான் லீவுங்கண்ணா. விருந்தாளி" என்று அவள் சிரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் போய்விட்டாள்.

ஃப்ரேமின் முன்னால் நின்றாள். வலது ஓரம் வரைக்கும் பார்வை போனது, நின்றது. இன்னொரு தடவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள்.

"எங்க, உன்றது?" என்றார் மாமியார்.

மாமியார் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அதான பாத்தேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது.

நடந்ததை நான் உடைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். கோபத்தில் வார்த்தை குழறியது. தங்கச்சி நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். பிறகு செயலாளரிடம் போய், வேலை நேரத்தில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"ஏனுங்கய்யா, வெட்டுன துணி எங்கீங்க?"

"இங்கதானம்மணி எங்கயாச்சும் இருக்கும். உனக்கு மேடையில..."

அவர் முடிப்பதற்குள் அவளே பார்த்துவிட்டாள். ஹாலின் ஓரத்தில், விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்கான கரும்புக் கட்டுகளைத் தரை அழுக்காகாமல் ஒரு துணி விரித்து அடுக்கியிருந்தார்கள். துணியின் ஓரத்தில் முட்டைச் சக்கரம் ஒன்று தெரிந்தது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, கரும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. துணியை எடுத்து உதறினாள். மண் பறந்தது. ஜன்னல் முகங்களில் கரும்புச் சாறு பிசுக்கு. அதைச் சுமந்துகொண்டு வந்து, ஃப்ரேம் முடிகிற இடத்தில் சுவரோடு ஒட்டி, ஒரு முனையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். மறுமுனை தொங்கியது. நான் போவதற்குள் மாமியார் போய்விட்டார். குதிகாலை உயர்த்தி, எட்டும் வரைக்கும் எட்டி, அந்த முனையைத் தூக்கினார். பஸ் முழுசாகிவிட்டது.

மாமியார் தலையைச் சாய்த்துத் துணியையே பார்த்தார். "அது நம்ம எதுத்தூட்டுக்காரியா?"

"ஆமாங்கத்தை."

"அந்த மூக்கு அப்படியேதான் இருக்குது. இதுல நீ எங்க புள்ள?"

"தூங்கறனே, அதுதான்."

மாமியார் வெகுநேரம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். மேளம் நின்றது. ஃப்ரேமின் முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் போய் நின்றாலும் அந்த இரண்டு பெண்களும், அவர்கள் பிடித்திருந்த அழுக்குத் துணியும் படத்துக்குள் வந்தன. போட்டோக்காரர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கிட்டே போய், குரலை இன்னும் தணித்துக்கொண்டு பேசினார்.

"கீழ வெச்சுரு அம்மணி. கை வலிக்குமில்ல?"

"வலிக்கலீங்கய்யா."

"அம்மாவுக்காச்சும் வலிக்கும், வயசானவங்க. எத்தன நேரத்துக்கு இப்படியே நிப்பீங்க?"

தங்கச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நழுவிய முனையைச் சரிசெய்து இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதே மரியாதையோடு சொன்னாள்:

"நீங்க மாட்டற வரைக்குமுங்க."